நாமே விழச் செய்து பார்ப்போம்

உடன்குடிக் கருப்பட்டியின் பெருமையை உடன்குடியில் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆயினும் ஒன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். தன் சரக்கின்மீது நம்பிக்கையுள்ள வியாபாரி, வாங்க வந்தவர் கேட்கும் முன்பே ஒரு கருப்பட்டியை எடுத்து உடைத்துக் காட்டுவார். உள்ளே நிறம் எப்படி, ஈரம் தங்கியிருக்கிறதா, மண் கிடக்கிறதா, வாயிலிட்டால் சீனிச் சுவை தட்டுகிறதா என்பதெல்லாம் உடைத்த பிறகே தெரியும். முழுதாயிருக்கும் கருப்பட்டி தன்னைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் எழுத வந்தது கருப்பட்டியைப் பற்றியன்று. நம் வீடுதோறும் புகுந்துவிட்ட கைப்பேசிச் செயலிகளைப் பற்றி. அவற்றை எழுதுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதக்கணக்கில் இரவு பகல் பாராது உழைத்து எழுதிய செயலியை, ஊருக்கு வெளியிடும் முன்னர், அவர்களே வேண்டுமென்று முறிந்து விழச் செய்கிறார்கள். கேள்விப்படும் பெற்றோருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். பெற்ற பிள்ளையை யாராவது தள்ளிவிட்டுப் பார்ப்பார்களா என்றுகூடக் கேட்கத் தோன்றும். இது மிகவும் நல்ல பழக்கம், நம் மாணவியர் கணினி அறையில் இதையே முதலில் கற்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

ஒரு செயலி வெளிவந்துவிட்டால் எங்கெங்கோ, யார் யாருடைய கைகளிலோ ஓடும். பெரியதாழையில் ஒருவர் கையில் அது திடீரெனத் தானே மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உட்கார்ந்து கடிதமா எழுதப் போகிறார்? இரண்டு முறை பார்ப்பார், எரிச்சலுடன் நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடுவார். எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது. எனவே, விழுந்த செய்தியைத் தானே எழுதியவருக்கு அனுப்பும் கருவி ஒன்றைச் செயலிக்குள் வைக்கிறார்கள். கூகுள் நிறுவனத்தின் ஃபயர்பேஸ் கிராஷ்லிட்டிக்ஸ் என்பது அத்தகைய ஒரு கருவி. அதைப் பொருத்துகிறவருக்கு அதன் வழிகாட்டி சொல்லும் பாடம் வேடிக்கையானது. 'திரையில் ஒரு பொத்தானை வை. அதை அழுத்தினால் செயலி விழுமாறு எழுது. அழுத்து. விழட்டும். பிறகு மறுபடியும் திற' என்கிறது.

மறுபடியும் ஏன் திறக்க வேண்டும்? விழுகின்ற கணத்தில் செயலிக்கு எங்கும் செய்தி அனுப்ப அவகாசமில்லை. எந்த வரியில் விழுந்தேன், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைக் கைப்பேசிக்குள்ளேயே குறித்து வைத்துவிட்டு அடங்கிவிடுகிறது. அடுத்த முறை எழும்போதுதான் அந்தக் குறிப்பை அனுப்புகிறது. சில நிமிடங்களில் எழுதியவரின் திரையில் அறிக்கை வந்து சேர்ந்தால் கருவி வேலை செய்கிறது என்று பொருள். வராவிட்டால் எங்கோ இணைப்பில் கோளாறு.

இங்கே சோதிக்கப்படுவது எது என்பதை மாணவியர் உற்று நோக்க வேண்டும். செயலி விழுமா என்பது சோதனையே அல்ல. அதை விழச் செய்வதுதான் பொத்தானின் வேலை. விழுந்தால் நமக்குத் தெரியவருமா என்பதே சோதனை. நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் (கடைசியாக அங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்) கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கியவருக்கும் மேலே தோணியில் நின்றவருக்கும் இடையே இருந்தது ஒரு கயிறு மட்டுமே. மூச்சு முட்டியதும் கீழிருப்பவர் கயிற்றை அசைப்பார், மேலிருப்பவர் இழுப்பார். அந்தக் கயிறு பிடிக்க மைத்துனரையே நிறுத்துவார்கள் என்றும் சொல்வார்கள். தங்கை தாலியல்லவா அவர் கையில் இருக்கிறது! கயிறு அசையாமல் இருந்தால் இரண்டு பொருள் உண்டு: கீழே எல்லாம் நலம், அல்லது கயிறு எங்கோ சிக்கிக்கொண்டது. அறிக்கை ஒன்றும் வராமல் இருக்கும் செயலியும் அப்படியே. அந்த அமைதியை நம்பலாமா கூடாதா என்பதை அறிய, ஒரு முறையாவது நாமே கயிற்றை அசைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இது ஏதோ அமெரிக்கக் கம்பெனிகளின் சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் அண்டை ஊராகிய குலசேகரன்பட்டினத்திற்கு வருவோம். அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. எஸ்.எஸ்.எல்.வி. எனப்படும் சிறிய ராக்கெட்டுகளை ஏவுவதற்கென்றே அமைவது அத்தளம். அந்த ராக்கெட்டின் முதல் பயணம் நம் மாணவியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய கதை.

2022 ஆகஸ்டு 7 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது புறப்பட்டது. அதில் 'ஆசாதிசாட்' என்ற எட்டுக் கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோளும் இருந்தது. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதன் பாகங்களை ஆக்கினார்கள். சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பு அவர்களை வழிநடத்தியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அதில் பங்கு கொண்டனர். உங்கள் வயதுப் பெண்கள்தான்!

ராக்கெட்டின் மூன்று அடுக்குகளும் சரியாகவே எரிந்தன. இரண்டாம் அடுக்கு கழன்று பிரிந்தபோது எதிர்பார்த்ததைவிடக் கடுமையான அதிர்வு ஏற்பட்டது. வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள் சிறிது நேரம் தம் அளவெல்லை கடந்து திணறின. அத்தகைய கருவிகள் பழுதானால் கண்டுபிடித்து மாற்று வழியில் செல்ல வேண்டும் என்று கணினியில் ஒரு காவல் நிரல் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காவலாளி, கருவிகள் எல்லாமே கெட்டுவிட்டன என்று முடிவு கட்டி, ராக்கெட்டை அவசர வழிக்குத் திருப்பிவிட்டான். உண்மையில் கருவிகள் கெடவில்லை. அதிர்ச்சி நீங்கியதும் தெளிந்துவிட்டன. ஆனால் எடுத்த முடிவு எடுத்ததுதான். 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றவேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டன. 76 கிலோமீட்டரில் காற்று மண்டலம் சும்மா விடுமா? 750 பெண்களின் உழைப்பு அன்றே வீணாயிற்று.

விபத்தைத் தடுக்க வைத்த நிரலே விபத்துக்குக் காரணமாயிற்று என்பதைக் கவனியுங்கள். ஒரு மென்பொருளில் நாள்தோறும் ஓடும் பகுதியின் குறைகள் நாள்தோறும் கண்ணில் படும். ஆபத்து வந்தால் மட்டும் விழித்தெழ வேண்டிய பகுதியோ நல்ல நாட்களில் எல்லாம் உறங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பிப் பார்ப்பதற்கு ஒரே வழி, ஆபத்தை நாமே வரவழைப்பதுதான். அதுவும் மென்மையான, நமக்கு வசதியான ஆபத்தாக இருந்தால் போதாது. இஸ்ரோவினர் காரணத்தை ஒளிக்காமல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அடுக்கு பிரியும் முறையை மாற்றினார்கள்; காவல் நிரல் அவசரப்படாமல் இன்னும் சற்று நேரம் பார்த்துவிட்டு முடிவெடுக்குமாறு திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. வெற்றி பெற்றது. அதில் ஆசாதிசாட்-2 இருந்தது. அதையும் 750 மாணவியரே ஆக்கினார்கள்.

அதே ஆண்டில், தோற்பதற்கென்றே ஒரு ராக்கெட்டை இஸ்ரோ ஏவியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்காக 2023 அக்டோபர் 21 அன்று நடந்த சோதனை அது. ஆளில்லாத கலம் ஒன்றை ஏற்றிக்கொண்டு சென்று, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், நடுவழியில் ஆபத்து நேர்ந்ததாகவே கொண்டு, பயணத்தைக் கைவிட வேண்டும். அப்போது தப்பிக்கும் அமைப்பு கலத்தைப் பிய்த்துக்கொண்டு விலகிப் போகிறதா, பாராசூட்டுகள் விரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அன்று காலை புறப்பட ஐந்து விநாடி இருக்கும்போது கணினி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. பொய்யான ஆபத்தை ஒத்திகை பார்க்க வந்த இடத்தில் மெய்யான தடங்கல்! காரணத்தைக் கண்டு சரிசெய்து, 10 மணிக்கு ஏவினார்கள். கலம் பத்திரமாக வங்கக் கடலில் இறங்கியது. ஆனால் மீட்கப் போன கடற்படையினர் கண்டது, அது தலைகீழாக மிதந்ததைத்தான். உள்ளே மனிதர் இருக்கும் நாளில் தெரிவதற்குப் பதில், யாருமில்லாத நாளில் அது தெரிந்துவிட்டது. அந்த ஒரு செய்திக்காகவே அவ்வளவு செலவும் தகும் என்பேன்.

நிலவுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி உடைந்தது. அடுத்ததைக் கட்டியபோது, எதெது தவறக்கூடும் என்று முதலில் பட்டியலிட்டு, அத்தனையும் தவறினாலும் கலம் இறங்கவேண்டும் என்ற நோக்கில் வடிவமைத்ததாக அப்போது இஸ்ரோ தலைவராயிருந்த சோமநாத் விளக்கினார். நிலவு மண்ணைப் போன்ற மண்ணுக்கு இஸ்ரோ நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியை நாடியது. அத்தகைய மண்ணின்மேல் கலத்தின் கால்களை இறக்கி இறக்கிச் சோதித்தார்கள். 2023 ஆகஸ்டு 23 மாலை அது நிலவில் நின்றது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

இனி ஒரு சிறுமியின் கதை. அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலத்திற்கு நிரல் எழுதிய குழுவின் தலைவி மார்கரெட் ஹாமில்டன். (அந்த நாளில் பெண் ஒருவர் அப்பொறுப்பில் இருந்தது நம் மாணவியருக்கு ஊக்கம் தரும்.) வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதபோது தன் சின்ன மகள் லாரெனை அலுவலகத்திற்கு அழைத்துப் போவார். அம்மாவைப் போல விண்வெளி வீரர் விளையாட்டு ஆடிய குழந்தை, மாதிரிக் கலத்தில் கண்ட பொத்தான்களை அழுத்த, பறந்துகொண்டிருப்பதாகப் பாவித்த கணினி முறிந்து விழுந்தது. பயணத்தின் நடுவில், புறப்படுவதற்கு முன் ஓட்டவேண்டிய நிரலை அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள்! வீரரும் இப்படி அழுத்திவிடலாமே, ஒரு தடுப்பு எழுதலாமே என்று ஹாமில்டன் கேட்டார். மேலதிகாரிகள், 'அவர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள், அப்படிச் செய்யமாட்டார்கள்' என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பல்லோ-8 சென்றபோது, மிகச் சிறந்த வீரராகிய ஜிம் லவல் தவறுதலாக அதே நிரலைத்தான் தேர்ந்தெடுத்தார். வழிகாட்டும் கணக்குகள் அழிந்துபோய், மறுபடியும் சீர்செய்யும்படி ஆயிற்று. குழந்தையின் விளையாட்டைப் பெரியவர்கள் மதித்திருந்தால் அந்தப் பாடு மிச்சம்.

குரங்கு கையில் பூமாலை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். நிரலாளர்களோ அதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். 1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் கணினிக்காக ஸ்டீவ் காப்ஸ் என்பவர் எழுதிய ஒரு நிரலின் பெயரே 'மங்கி'. கண்டபடி பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. எது விழுகிறது என்று மனிதர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலிகளைச் சோதிக்கவும் இதே பெயரில் ஒரு கருவி உண்டு. பூமாலையைப் பிய்க்கட்டும் என்றே கொடுக்கிறார்கள். எந்த நார் இற்றுப்போனது என்று அப்போதுதானே தெரியும்!

நம் பள்ளிகளுக்கு வருகிறேன். மேல்நிலை வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பைத்தான் ஆகிய மொழிகளைக் கற்பிக்கிறோம். செய்முறைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். வலப்பக்கம் நிரல், அடியில் சரியான விடை. எல்லாப் பெண்களின் ஏட்டிலும் எல்லா நிரலும் முதல் முறையே ஓடியதாகத்தான் இருக்கும். விழுந்த நிரலுக்கு அந்த ஏட்டில் ஒரு வரிகூட இடமில்லை. திரையில் சிவப்பு எழுத்துத் தோன்றியதும், ஆசிரியை அருகில் வரும்முன் அதைத் துடைத்துவிடும் வேகம் இருக்கிறதே, அது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராமலே வந்துவிடுகிறது! அச்சம் அப்படி. 'பெண்பிள்ளை தப்புப் பண்ணினால் நாலு பேர் பேசுவார்கள்' என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண், கணினி முன்னும் அதையே நினைக்கிறாள்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் போல நேர்மையான நண்பர் வேறு இல்லை. வயதைக் கேட்கும் நிரலுக்கு 16 என்று எண்ணில் தராமல் 'பதினாறு' என்று எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் அங்கேயே நின்று, எந்த வரியில், எதனால் நின்றேன் என்று சொல்லிவிடும். பூச்சியத்தால் வகுக்கச் சொல்லுங்கள். அதையும் பெயர் சொல்லி மறுக்கும். கோப்பு இருக்கும் இடத்தில் கோப்பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இப்படி ஒவ்வொரு நிரலையும் மூன்று விதமாக விழச் செய்து, ஒவ்வொரு முறையும் என்ன செய்தி வந்தது என்று பதிவேட்டின் இடப்பக்கத்தில் எழுதச் சொன்னால் என்ன? அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தானே கிடக்கிறது!

விழுவதைவிடக் கேடானது ஒன்று உண்டு. பிழை வந்தால் பேசாமல் மேலே போ என்று இரண்டே வரியில் எழுதிவிட முடியும். சிவப்பு எழுத்து மறைந்துவிடும், நிரல் ஓடுவது போலவே தோன்றும், விடை மட்டும் தவறாயிருக்கும். கெட்டிக்காரப் பெண்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும் குறுக்குவழி இது. விழுந்த நிரலுக்கு மதிப்பெண் குறைப்பதானால் ஒன்று குறைக்கலாம். இப்படி மறைத்த நிரலுக்கு முழுதும் குறைக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடுமை என்று சில பெற்றோர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஃபிஷர் பிரெண்ட்' என்ற செயலி, மீனவருக்குக் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் கடல் எல்லையையும் அறிவிக்கிறது. நாளை நம் மாணவி ஒருத்தி இத்தகைய செயலி எழுதும் வேலைக்குப் போகலாம். அவள் எழுதிய நிரல் புதிய செய்தி கிடைக்காமல், பிழையை விழுங்கிவிட்டு, நேற்றைய அலை உயரத்தையே இன்றையதாகக் காட்டினால்? செயலி விழுந்தாலாவது அந்த மீனவர் வேறு ஆளைக் கேட்பார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்குச் செய்தி எட்டாமல் போனதை நம் கடற்கரை மறக்கவில்லை.

பாடத்திட்டம் முடிப்பதற்கே நேரமில்லை, இதில் உடைத்துப் பார்க்க ஏது நேரம் என்று ஆசிரியைகள் கேட்பது நியாயம். ஆனால் நான் கேட்பது தனிப் பாடவேளை அன்று. அதே பாடவேளையில் கடைசி ஐந்து நிமிடம். வேறொரு கேள்வியும் எழும். எதையும் உடைக்கலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? மாட்டார்கள், எல்லையைத் தெளிவாகச் சொன்னால். நம் சொந்த நிரலை, நம் பிரதியில், வெளியிடும் முன், பக்கத்தில் ஆள் இருக்கும்போது விழச் செய்கிறோம். பிறருடைய கணினியையோ பள்ளி அலுவலகக் கணக்கையோ தொடுவது சோதனை அன்று, குற்றம். விழச் செய்யும் அந்தப் பொத்தானையும், வேலை முடிந்ததும் மறவாமல் எடுத்துவிட்டே செயலியை வெளியிட வேண்டும். அதை மறந்தவர் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்!

நம் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் கணினிப் பிரிவில் மாணவியர் தங்கள் நிரல்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். பெற்றோர் தொலைவில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவ்வாண்டு ஒரு மேசையில், 'இதை விழச் செய்பவருக்கு ஒரு துண்டுக் கருப்பட்டி' என்று எழுதி வைப்போம். வருகிறவர் எதை வேண்டுமானாலும் தட்டட்டும். எழுதிய பெண் அருகில் ஒரு நோட்டுடன் நின்று, யார் எதைத் தட்டியபோது விழுந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். அருட்சகோதரியரும் பெற்றோரும் பொறுத்தருள வேண்டும். முதல் வரிசையில் நான் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைத்தான் நிறுத்தப் போகிறேன்.